லேசருக்கு முன் நான்கு வாரங்கள்

லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு முந்தைய வாரம் பார்லருக்குப் போய் வேக்ஸிங் செய்துகொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். டாக்டர் முன்னால் முடியோடு போய் உட்காரக் கூச்சம். மேலுதட்டுக்கு த்ரெடிங், கைகால்களுக்கு வேக்ஸ், முகத்துக்கு ஒரு ப்ளீச் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பளிச்சென்று வந்து உட்காருவார்கள். தோல் மருத்துவரோ பார்த்த மாத்திரத்தில் சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிவைத்துவிடுவார். வந்தவருக்கு ஏமாற்றம். எதை எடுக்க வேண்டுமென்று கேட்டு வந்தாரோ, அதையே எடுத்துவிட்டு வந்ததற்காகத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் புரியும்?

புரிந்துகொள்ள, லேசர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். லேசர் ஒளிக்கு முடி என்றால் என்னவென்று தெரியாது. அது தேடிப்போவது முடிக்குள் இருக்கும் மெலனின் என்ற கருநிறமியை. தோலுக்குள் பாயும் ஒளியை மெலனின் உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஒளி சூடாக மாறுகிறது. அந்தச் சூடு முடித்தண்டிலிருந்து வேர்க்குமிழுக்கும், முடியைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் உயிரணுக்களுக்கும் பரவி அவற்றைச் சேதப்படுத்துகிறது. வேக்ஸ் போட்டால் முடி வேரோடு வந்துவிடும். த்ரெடிங்கும், பிளக்கரும், எபிலேட்டரும் அப்படித்தான். வேர் போன குழியில் ஒளியைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ப்ளீச் முடியை விட்டுவைத்தாலும் தண்டின் நிறத்தைப் பறித்துவிடுகிறது. கூடவே தோலையும் எரிச்சலாக்கி வைக்கிறது.

பாதிக் கதை இதுதான். மீதிப் பாதிதான் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள். சித்திரை வெயிலில் கறுப்புச் சட்டை போட்டவருக்கு வெள்ளைச் சட்டைக்காரரைவிட அதிகமாகச் சுடுவதுபோல, மெலனின் கூடுதலாக உள்ள தோல் லேசர் ஒளியைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. 'இது முடியின் மெலனின், இதைச் சுடு. அது தோலின் மெலனின், அதை விட்டுவிடு' என்று கருவியிடம் சொல்ல வழியில்லை. சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு நிபந்தனையும் இந்த ஒரே சிக்கலிலிருந்துதான் பிறக்கிறது. வேரில் நிறமி இருக்க வேண்டும். மேல்தோலில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

1960இல் தியோடர் மெய்மன் அமெரிக்காவில் முதல் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியான் கோல்ட்மன் அந்த ஒளியைத் தோலில் பாய்ச்சி ஆராயத் தொடங்கிவிட்டார். முடிக்குழிகள் சேதமாவது அப்போதே கண்ணில் பட்டது. ஆனால் சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றிக்கொண்டு குழியை மட்டும் சுடுவது எப்படி என்பதற்கான கணக்கு 1983இல்தான் கிடைத்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆண்டு 'சயின்ஸ்' இதழில் அதை விளக்கினார்கள். சரியான அலைநீளம், சரியான துடிப்பு நேரம், போதுமான ஆற்றல் ஆகிய மூன்றும் பொருந்தினால், ஒளி தான் குறிவைத்த பொருளை மட்டும் சுட்டுவிட்டு அக்கம்பக்கத்தை விட்டுவிடும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இன்றைய தோல் லேசர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கின் மீதுதான் நிற்கின்றன.

1996இல் அதே ஆண்டர்சனும் மெலனி கிராஸ்மனும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட சோதனைக்கு இந்தக் கட்டுரையில் தனி இடம் தர வேண்டும். 13 தன்னார்வலர்களின் முதுகிலும் தொடையிலும் ரூபி லேசரைப் பாய்ச்சினார்கள். சில இடங்களில் முடியை முன்பே சவரம் செய்திருந்தார்கள். சில இடங்களில் வேக்ஸ் போட்டுப் பிடுங்கியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க அளவு முடி குறைந்திருந்தது சவரம் செய்து, அதிக ஆற்றலைப் பாய்ச்சிய இடங்களில் மட்டும்தான். வேக்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு, இந்தத் துறையின் தொடக்க காலச் சோதனையிலேயே பதில் கிடைத்துவிட்டது.

அந்தச் சோதனையில் பங்கெடுத்தவர்கள் வெளிர்நிறத் தோலும் கறுத்த முடியும் கொண்டவர்கள். லேசருக்கு அதைவிட வசதியான கூட்டு கிடையாது. ஆரம்பகால ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். அந்த அலைநீளத்தில் மெலனின் ஒளியை ஆவலாக உறிஞ்சும். மாநிறத் தோலில் அதைப் பாய்ச்சினால் ஒளி வேருக்குப் போய்ச் சேருமுன் மேல்தோலே பெரும்பங்கை வாங்கிக்கொண்டு கொப்பளித்துவிடும். அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். ஒளி ஆழமாகவும் இறங்கும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட், 800 முதல் 810 வரையிலான டயோடு, 1064இல் என்.டி.யாக் என்று கருவிகள் வரிசையாக வந்ததன் பொருள் இதுதான். நல்ல கறுப்புத் தோலுக்கு 1064தான் பாதுகாப்பானது. அதற்கும் ஒரு விலை உண்டு. மெலனின் அந்த ஒளியைக் குறைவாகவே பிடிப்பதால், மெல்லிய பூனைமுடிகள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை.

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் எல்லாத் தோல் மருத்துவமனைகளிலும் புழங்குகிறது. ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் வகுத்தது. வெயிலில் நின்றால் சிவந்து எரியுமா, கறுக்குமா என்பதை வைத்து முதலில் நான்கு வகைகளே சொன்னார். பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான ஐந்தாவதும் ஆறாவதும் பின்னால் சேர்ந்தவை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவார்கள்; ஆறாவது வகையும் உண்டு. வெளிநாட்டு விளம்பரத்தில் வரும் பெண்ணின் கால் இரண்டாவது வகையாக இருக்கலாம். அவளுக்குப் பொருந்திய கருவியும் ஆற்றல் அளவும் மதுரைக்காரிக்கோ யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டிலேயே பயன்படுத்தும், ஐ.பி.எல். என்ற துடிப்பொளிக் கருவிகள் பலவற்றில் தோலின் நிறத்தை அளக்கும் உணரி இருக்கும். கறுத்த தோலில் வைத்தால் அவை ஒளியை விடாது. கருவி கெட்டுப்போனதாக நினைத்துச் சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, வெயிலைப் பற்றி மருத்துவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பது புரியும். வெயில் பட்டுக் கறுத்த தோல் என்றால், மேல்தோலில் புதிதாக மெலனின் ஏறியிருக்கிறது என்று பொருள். நான்காம் வகைத் தோல் தற்காலிகமாக ஐந்தாம் வகையாகிவிடுகிறது. போன மாதம் தாங்கிய அதே ஆற்றல் இந்த மாதம் சுட்டுவிடும். தமிழகத்தில் ஏப்ரல், மே மாத நண்பகல்களில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 'மிகக் கடுமை' என்ற உச்சப் பிரிவு. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்களின் முன்கையைப் பார்த்தாலே போதும், சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல நிறம் மாறியிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரே அளவு ஆற்றலை வைக்க முடியாது. குறைந்தது நான்கு வாரம் அந்த இடத்தை மூடிவைத்து, கருமை தணிந்த பிறகே லேசர் என்பது அதனால்தான்.

மூடுவதற்குத் துணியைவிடச் சிறந்தது இல்லை. முழுக்கைச் சட்டை, துப்பட்டா, குடை. மூட முடியாத முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவுவது போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். மாநிறத் தோலுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நம் தோலைக் கறுக்கவைக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் கொண்ட சன்ஸ்கிரீன்கள் அதையும் ஓரளவு தடுக்கும். ஆனால் லேசர் நாளன்று அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போக வேண்டும். தோலின் மேல் இருக்கும் எந்த நிறமும் ஒளியை இடைமறிக்கும்.

அடுத்தது சவரம். இந்தப் பேச்சு வந்தால் மருத்துவரின் அறையில் ஏறக்குறைய ஒரே உரையாடல்தான் நடக்கும்.

"முந்தின நாள் சாயங்காலம் ஷேவ் பண்ணிட்டு வாங்கம்மா."

"ஐயோ டாக்டர், ஷேவ் பண்ணினா கட்டையா வளருமே!"

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கான மறுப்பும் பழையதுதான். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928இல் நான்கு ஆண்களை ஒரே முறையில் சவரம் செய்யவைத்து, வெட்டிய முடிகளை எடுத்து அளந்தார். முடி தடிக்கவுமில்லை, வேகமாக வளரவுமில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. வளரும் முடியின் நுனி இயல்பாகக் கூராக இருக்கும். பிளேடு வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். விரலால் தடவும்போது சொரசொரப்பதும், கண்ணுக்குக் கட்டையாகத் தெரிவதும் அந்த மொட்டை நுனியால்தான். தோலுக்குக் கீழே இருக்கும் வேருக்குப் பிளேடு வந்துபோனதே தெரியாது.

சவரம் ஏன் அவசியம்? தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி, வேருக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தானே வாங்கிக்கொண்டு பொசுங்கும். பொசுங்கிய முடி தோலில் படிந்து சுடும். கருகும் முடியிலிருந்து எழும் புகையை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. அதனால் முடி தோலுக்கு மேலே இருக்கக் கூடாது, கீழே இருந்தே ஆக வேண்டும். அந்த நிலையைத் தருவது பிளேடு மட்டுமே. முந்தைய நாள் மாலை, புது ரேசரால், முடி சாயும் திசையிலேயே, அழுத்தாமல் எடுத்தால் போதும். அன்றைக்குக் காலையில் அவசரமாகச் சிரைத்துக் கீறல்களோடு போவது வேண்டாம். முடி அகற்றும் கிரீம்களும் கடைசி நாட்களில் வேண்டாம். அவை முடியைக் கரைக்கும் வேதிப்பொருளால் தோலையும் சிவக்கவைத்துவிடும்.

வேக்ஸ் நிறுத்தி நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வதன் பின்னால் முடியின் வாழ்க்கைச் சுழற்சி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் வளரும் பருவம், பின்வாங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என்று சுற்றி வருகிறது. வளரும் பருவத்தில்தான் முடி, நிறமி நிறைந்த வேர்க்குமிழோடு உறுதியாக ஒட்டியிருக்கும். லேசர் தரும் சூடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். தலையில் எந்த நேரத்திலும் பத்தில் எட்டு ஒன்பது முடிகள் வளரும் பருவத்தில் இருக்கும். கை, கால்களில் அந்தப் பங்கு மிகவும் குறைவு. எனவே ஒரே நாளில் எல்லா முடிகளையும் பிடிக்க முடியாது. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்வது, அடுத்தடுத்து விழித்து வரும் முடிகளைப் பிடிக்கத்தான்.

கல்யாணத் தேதி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆறு அமர்வுகள், ஆறு வார இடைவெளி என்றால் முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு வரை 30 வாரம். முன்தயாரிப்புக்கு நான்கு வாரம் சேர்த்தால் 34 வாரம், அதாவது கிட்டத்தட்ட எட்டு மாதம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னால் முகத்தில் லேசரைத் தொடங்குவது விவேகமில்லை. பலன் முழுதாகத் தெரியாது. தப்பித் தவறிக் கருமை படிந்தால் அது மறைய மாதக்கணக்காகும்.

இனி நம் வீட்டுக் குளியலறை அலமாரிக்கு வருவோம். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, குப்பைமேனி, கோரைக்கிழங்கு என்று முகமுடிக்கு அரைத்துப் பூசும் பொருட்கள் நம்மிடம் தலைமுறைகளாக உண்டு. அவற்றின் நன்மை தீமை தனிக் கதை. லேசருக்கு முந்தைய வாரத்தில் தோலில் மஞ்சள் ஏறியிருக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருக்கவும் கூடாது. கையில் மருதாணி இருந்தால் அந்த இடத்துக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். எண்ணெய், பவுடர், சென்ட், டியோடரன்ட் எதுவும் அன்றைக்கு வேண்டாம். கருமை போக எலுமிச்சைச் சாறு தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் உள்ள ஒருவகை வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கொப்பளிக்கவைத்துவிடும். ஆறிய பிறகு முன்பைவிடக் கருமையான தழும்பு நிற்கும். அதை எப்போதுமே தவிர்க்கலாம்.

பச்சை குத்திய இடத்தில் லேசரைப் பாய்ச்சவே கூடாது. கிராமத்துப் பாட்டிகளின் முன்கையில் இருக்கும் பச்சைக் கோலமானாலும், பேத்தி மணிக்கட்டில் போட்டிருக்கும் புது டாட்டூவானாலும், மை ஒளியை அப்படியே உறிஞ்சித் தோலைப் பொசுக்கிவிடும். கறுத்த மச்சங்களையும் மறைத்துவிட்டுத்தான் சுற்றிலும் செய்வார்கள்.

அலமாரியில் உள்ள ஒரு ட்யூபைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, 'சிவப்பழகு' வர வேண்டுமென்று மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், முகத்தில் தடவும் ஸ்டீராய்டு கிரீம். ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் சேர்ந்த கலவைகளும் இதில் அடக்கம். மங்குவுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, அக்கா கையிலிருந்து தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்விடுகிறது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டாலே எரியும், நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும். இன்னொன்றும் நடக்கும்: கன்னத்தில் முடி முளைக்கும். ஸ்டீராய்டு கிரீமின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் அதுவும் ஒன்று. அந்த முடியை எடுக்கக் கிரீம் தடவியவர் லேசருக்கு வருகிறார். மெலிந்துபோன அந்தத் தோலில் லேசரைப் பாய்ச்சினால் எளிதில் வெந்துவிடும். பாய்ச்சினாலும், கிரீமை நிறுத்தாதவரை முடிக்குக் காரணம் அங்கேயேதான் இருக்கிறது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற விதி அது. கடைகளில் அது முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. இந்த ட்யூபைப் பயன்படுத்தியவர்கள் வெட்கப்படாமல் அதன் பெயரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று தாங்களே நிறுத்தவும் கூடாது. எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

வெளியிலிருந்து வரும் காரணம் அது. உள்ளேயிருந்து வரும் காரணம் ஹார்மோன். தாடையிலும் மோவாயிலும் தடித்த முடி, தள்ளித்தள்ளிப் போகும் மாதவிடாய், விடாத பரு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஆண்களுக்குரிய ஹார்மோன் சற்றுக் கூடுதலாகச் சுரப்பதால், மெல்லிய முடியாக இருந்தவை தடித்த முடிகளாக மாறிக்கொண்டே இருக்கும். லேசர் இருக்கிற முடியைச் சுடும். நாளைக்குத் தடிக்கப் போகிற முடியை அதனால் தடுக்க முடியாது. பத்து அமர்வு போன பிறகும் 'பணம்தான் போச்சு' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஹார்மோன் பரிசோதனையே நடந்திருக்காது. மருந்தும் லேசரும் சேர்ந்து நடந்தால் பலன் வேறு மாதிரி இருக்கும். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரலும் கட்டையானால் அது அவசரம். லேசர் அறைக்கு அல்ல, ஹார்மோன் நிபுணரிடம் போக வேண்டும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு பக்கவிளைவு உண்டு. லேசர் செய்த இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி கூடுதலாக முளைப்பது. அபூர்வம்தான், ஆனால் மாநிறத் தோலில், அதிலும் முகத்திலும் கழுத்திலும், அது வருகிறது. மத்தியதரைக் கடல், மத்திய கிழக்கு, தெற்காசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. வேரை அழிக்கப் போதாத அரைகுறைச் சூடு, உறங்கிக்கொண்டிருந்த குழிகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் கேட்கும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் நல்ல மருத்துவர் 'இதுக்கு வேண்டாம்மா' என்று சொல்வது இதனால்தான். அந்த அறிவுரையை மதிப்பது நல்லது. நரைத்த முடிக்கும் லேசர் வேலை செய்யாது. அங்கே மெலனினே இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஊசியை இறக்கி மின்சாரம் செலுத்தும் எலெக்ட்ராலிசிஸ்தான் அதற்கு வழி. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணைக் குத்தும் இமை முடிக்காக 1875இல் அறிமுகப்படுத்திய முறை அது.

மருந்துகளைப் பொறுத்தவரை மறைக்காமல் சொல்வதே பெரிய தயாரிப்பு. ரெட்டினால், டிரெட்டினாயின், கிளைகாலிக் அமிலம் போன்ற தோலுரிக்கும் கிரீம்களை ஒரு வாரம் முன்பாவது நிறுத்தச் சொல்வார்கள். வெயிலில் தோலைக் கூருணர்வாக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் எடுத்தால் தெரிவிக்க வேண்டும். பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2017இல் அமெரிக்க வல்லுநர் குழு ஆதாரங்களை அலசி, முடி நீக்கும் லேசருக்கு அந்தத் தாமதம் தேவையென்று காட்டச் சான்று போதவில்லை என்றது. முடிவு உங்கள் மருத்துவருடையது. உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர்களுக்கு, லேசரின் சூடு அதை மறுபடி கிளப்பிவிடக் கூடும் என்பதால் முன்னதாகவே மாத்திரை கொடுப்பார்கள். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் ஆகும்வரை பொறுத்திருக்கலாம்.

வலிக்குப் பயந்து மரத்துப்போகும் கிரீமை அள்ளிப் பூசிக்கொள்வது பற்றி ஒரு எச்சரிக்கை. 2007இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 22, 25 வயதான இரண்டு பெண்கள், கால்களுக்கு லேசர் செய்யப் போகுமுன் மரத்துப்போகும் கிரீமைக் கால் முழுக்கத் தடவி, தங்களுக்குச் சொல்லப்பட்டபடி பிளாஸ்டிக் உறையால் சுற்றிக்கொண்டார்கள். மருந்து தோல் வழியாக ரத்தத்தில் ஏறியது. இருவருக்கும் வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்தே போனார்கள். மேலுதட்டுக்கு மருத்துவர் சொன்ன அளவில் தடவுவது வேறு. இரண்டு கால்களுக்கும் தடவிச் சுற்றிக்கொள்வது வேறு. பரப்பு பெரிதாகப் பெரிதாக உள்ளே போகும் மருந்தும் கூடும்.

லேசரால் புற்றுநோய் வருமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் ட்ரைக்கோ என்ற பெயரில் எக்ஸ் கதிரால் முகமுடியை உதிரவைத்தார்கள். வலியே இல்லை என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆண்டுகள் கழித்து அவர்களுடைய தோல் சுருங்கிப் புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயாகவும் ஆனது. லேசர் ஒளி அந்த வகையல்ல. அது உயிரணுக்களின் மரபுப் பொருளை உடைக்கும் கதிர்வீச்சு இல்லை. அதன் ஆபத்து வெறும் சூடுதான். சூட்டுக்காயமும், கருமையும், வெண்திட்டும், கண்ணில் பட்டால் கண் சேதமும்தான் பயப்பட வேண்டியவை. புருவத்துக்குக் கீழே லேசர் செய்யக் கூடாது என்பதும், அறையில் இருக்கும் எல்லாரும் கண் கவசம் போட வேண்டும் என்பதும் அதனால்தான்.

சிகிச்சையறைக்குள் நடப்பது சில நிமிட வேலை. மருத்துவர் தோலை வெளிச்சத்தில் பார்த்து, புதுக் கருமை இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஜெல் பூசி, குளிர்ந்த முனையைத் தோலில் அழுத்துவார். அந்தக் குளிர்ச்சி மேல்தோலைக் காப்பதற்கு. முடிக்குழி தன் சூட்டை இறக்கிவைக்கப் பத்து முதல் நூறு மில்லி விநாடி வரை ஆகும். மெல்லிய மேல்தோல் அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். அந்த இடைவெளியில்தான் குளிர்முனை தோலைக் காக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரப்பர் பேண்ட் சுண்டியதுபோல் சுரீரென்று இருக்கும். லேசாக முடி கருகும் வாடை வரும். சில நிமிடங்களில் ஒவ்வொரு முடியின் காலடியிலும் சின்னச் சிவப்புத் தடிப்பு எழும்பினால், சூடு சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்தாலோ, கொப்பளித்தாலோ உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் கருகிய முடித்துண்டுகள் கரும்புள்ளிகளாக மேலே வந்து உதிரும். முடி மறுபடி வளர்கிறது என்று பயந்து பிடுங்க வேண்டாம்.

ஆண்களும் வருகிறார்கள். சவரம் செய்த கழுத்தில் முடி உள்நோக்கி வளைந்து குத்திக் கொப்புளமாகும் தொல்லைக்கும், பிட்டப் பிளவில் முடி புகுந்து திரும்பத் திரும்பச் சீழ் வைக்கும் நோய்க்கும் லேசர் உண்மையான மருத்துவமாகவே உதவுகிறது. தயாரிப்பு அவர்களுக்கும் இதேதான்.

மாநிறத் தோலுக்கு இதில் மிகப் பெரிய பாதுகாப்பு ஒன்றுண்டு. காதுக்குக் கீழேயோ, தாடையின் அடியிலோ, சின்ன இடத்தில் இரண்டு மூன்று துடிப்புகள் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் பேட்ச். கொப்புளம் ஓரிரு நாளில் தெரிந்துவிடும்; ஆனால் நம் தோலில் கருமை மெதுவாகத்தான் மேலே வரும். அதனால் ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு முழுச் சிகிச்சையைத் தொடங்குவது நல்லது. எந்தக் கருவியும் எல்லா முடியையும் ஆயுளுக்கும் நீக்கிவிடுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை. முடியின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறையும் என்ற அளவில்தான் உறுதி தர அனுமதித்திருக்கிறது. 'நூறு சதவீதம், வாழ்நாள் முழுக்க' என்று பேக்கேஜ் விற்கிறவர் அந்த அனுமதியைத் தாண்டிப் பேசுகிறார். முன்பணம் கட்டுமுன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: உங்கள் லேசரின் அலைநீளம் என்ன? என் தோலைப் பார்த்து ஆற்றல் அளவை முடிவு செய்யப் போகும் மருத்துவர் யார்? டெஸ்ட் பேட்ச் எப்போது வைப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.